சென்னிமலை வாகனச் சாலையில் நடந்து ஏறுவது: அடிவாரத்திலிருந்தா, ஊருக்குள்ளிருந்தா?

தாராபுரத்து மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையில் நெசவுத் தெரு ஒன்றில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தாராபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டார். சிறு வயதில் செவ்வாய்க்கிழமைதோறும் மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்குப் படியேறிப் போன கதையை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். இப்போது அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருக்கிறது. 1320 படிகளை ஏற முடியாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்; ஆனால், "வண்டியில் போய் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருவதற்கு நான் வரவில்லை, நடந்துதான் வருவேன்" என்று பிடிவாதமாக இருக்கிறார். ஆகவே, படிகளை விட்டுவிட்டு வாகனச் சாலை வழியாக மெதுவாக நடந்து ஏறலாமா என்று யோசிக்கிறோம். தட்டைத் தரையில் அவர் தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். அந்தச் சாலையில் நடந்து ஏறியவர்கள் இருந்தால் அதன் ஏற்றம், நிழல், வண்டி நெரிசல் ஆகியவை பற்றிச் சொல்லுங்கள். அடிவாரம் வரை காரில் போய் அங்கிருந்து நடையைத் தொடங்குவதாகத் திட்டம்.

பாவுநூல் எழுதியது:

அம்மாவின் பிடிவாதம் எங்கள் ஊர்ப் பிடிவாதம்தான், அதை மாற்ற முயல வேண்டாம். நான் இந்த ஊர்க்காரன். கூட்டுறவுச் சங்கத்துக்குத் தறி நெய்து ஓய்ந்தவன். ஐந்தாறு ஆண்டுகளாக வாரம் இரு முறையாவது அந்தச் சாலையில் நடந்து ஏறுகிறேன்.

முதலில் ஏற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். சாலை சுமார் நான்கு கிலோமீட்டர் நீளம். படிகள் 1320, ஒரு படிக்கு அரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்த ஏற்றம் 660 அடி, அதாவது ஏறத்தாழ இருநூறு மீட்டர். அந்த இருநூறு மீட்டரை நாலாயிரம் மீட்டரில் பரப்பிப் பார்த்தால் இருபது அடி நடைக்கு ஓரடி உயர்வு என்று வருகிறது. இது சராசரிக் கணக்கு. வளைவுகளில் ஏற்றம் சற்றுக் கூடும், இடையிடையே கால் ஆறும்படி தணியும். தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறவருக்கு இது மூச்சு வாங்கும் வேலையே தவிர, முடியாத வேலையன்று. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கேடு, ஏனென்றால் இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் பாரத்தை மடங்கிய முழங்கால்தான் தாங்கிப் பிடிக்கிறது. எனவே நடந்து ஏறிவிட்டு, கோயில் பேருந்தில் இறங்குங்கள். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

அடுத்து, எந்தப் பக்கம் நடப்பது என்பது. நடைமேடை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கம் நடக்க வேண்டும் என்பது பொது விதி. மலைச்சாலையில் அதற்கு ஒரு விலக்கு உண்டு. சாலை வலப்புறம் திரும்பும் இடத்தில் நாம் வளைவின் உள்மடிப்பில் இருப்போம். மேலிருந்து இறங்கி வருகிறவனுக்குப் பாறை மறைத்துக்கொள்ளும், நம்மை அவன் கடைசி நொடியில்தான் பார்ப்பான். ஆகவே வளைவுக்கு இருபது முப்பது அடி முன்னாலேயே இடப்பக்கத்துக்கு மாறி, வளைவைக் கடந்த பிறகு மறுபடி வலப்பக்கம் வாருங்கள். ஏறும் வண்டி உறுமிக்கொண்டு வரும், அதனால் தொல்லையில்லை. இறங்கும் இருசக்கர வண்டிகளைத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக எஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தமே இல்லாமல் உருண்டு வருவார்கள்.

கடைசியாக ஒன்று. அடிவாரம் வரை காரில் வர வேண்டாம். பேருந்து நிலையத்தருகே இறங்கி ஊருக்குள்ளிருந்தே நடந்து வாருங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

காங்கேயத்தான் எழுதியது:

பாவுநூல் ஐயா சொன்ன கணக்கெல்லாம் சரிதான் என்றாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. படிவழி என்பது நடக்கிறவர்களுக்காகவே அமைந்தது; இளைப்பாற மண்டபங்கள் உண்டு, முன்னும் பின்னும் மனிதர்கள் இருப்பார்கள், வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டு. வாகனச் சாலையோ வாகனத்துக்காக வெட்டியது. இந்தக் கோயிலைச் செவ்வாய்த் தலமாகக் கருதுவதால் செவ்வாய்க்கிழமையும், பொதுவாகக் கிருத்திகை, சஷ்டி நாட்களிலும் அந்தச் சாலையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருக்கும். அறுபத்தெட்டு வயது அம்மாவை அந்த வரிசைக்கு நடுவே நடத்திக்கொண்டு போவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. படியில் நூறு படி ஏறி, உட்கார்ந்து, இன்னொரு நூறு ஏறி, முடிந்தவரை போய்விட்டுத் திரும்பினாலும் அதுவும் வழிபாடுதான். அப்படியே நடந்துதான் ஆக வேண்டும் என்றால் எங்கள் சிவன்மலைக்கு வாருங்கள். அங்கே 496 படிகள்தான்.

வழிநடை எழுதியது:

உத்தரவுப் பெட்டி இருப்பது இந்தச் சென்னிமலையில்தானே? அம்மாவை அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காங்கேயத்தான் எழுதியது:

இல்லை, வழிநடை. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி சிவன்மலையில் இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்து முருகன் சொல்லும் பொருளை, சாமியிடம் பூப்போட்டுக் கேட்ட பிறகு அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் வேறொரு பொருள் வரும் வரை அது அங்கேயே இருக்கும். சென்னிமலையின் சிறப்பு வேறு.

பாவுநூல் எழுதியது:

காங்கேயத்தாரின் கவலை நியாயமானது. செவ்வாய், கிருத்திகை, சஷ்டி, ஞாயிறு ஆகிய நாட்களைத் தவிர்க்கச் சொல்வதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் "நூறு படி ஏறித் திரும்பலாம்" என்பது அந்த அம்மா கேட்டதற்கு விடையாகாது. அவர் மேலே போக வேண்டும் என்கிறார்.

படிவழியில் போகிறவர்களுக்கும் ஒரு செய்தி. சுவாமியின் அபிஷேகத்துக்கான திருமஞ்சன நீரை இன்றும் அடிவாரத்திலிருந்து பொதிக்காளைகள்தான் படியேறிச் சுமந்து செல்கின்றன. விடியற்காலையில் போனால் பார்க்கலாம். இருபுறமும் நீர்ச்சுமை தொங்க, காளை படியை நேராக ஏறாது. கொஞ்சம் கோணலாக, முன்னங்காலை ஊன்றி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் பின்னங்காலை எடுத்து வைக்கும். கூட வருகிறவர் அதட்டுவதில்லை, தட்டிக்கொடுப்பதோடு சரி. அந்த நேரத்தில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு குறுக்கே நிற்காமல் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுங்கள்.

இப்போது ஊருக்குள்ளிருந்து ஏன் நடக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களுக்குச் சென்னிமலை என்றால் மலை. எங்களுக்கு அது மலையும் தறியும் சேர்ந்த ஒரே ஊர். போர்வை வாங்குகிறவர்கள் கடைவீதியோடு திரும்பிவிடுவார்கள். கும்பிட வருகிறவர்கள் புறவழியாக வந்து மலையேறிவிடுவார்கள். இரு சாராருமே ஊரைப் பார்ப்பதில்லை. பேருந்து நிலையத்திலிருந்து கடைவீதி வழியாகக் கைலாசநாதர் கோயில் பக்கம் வாருங்கள். தைப்பூசத் தேர் தொடங்கும் கோயில் அது; தேர் சுற்றும் ராஜவீதிகள் அதனால்தான் அத்தனை அகலமாக இருக்கின்றன. அங்கிருந்து ஏதேனும் ஒரு சந்துக்குள் திரும்பினால் திண்ணையோடு கூடிய பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. திருப்பூர் குமரன் பிறந்ததும் இந்த ஊரில், இப்படிப்பட்ட நெசவுக் குடும்பம் ஒன்றில்தான். 1904 அக்டோபர் 4 இல் பிறந்தவர், 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் கொடியைப் பிடித்தபடி தடியடி பட்டு மறுநாள் உயிர்விட்டார். பெயரில் திருப்பூர் ஒட்டிக்கொண்டதால் பிறந்த ஊரைப் பலர் மறந்துவிட்டார்கள். எங்களுக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் தட்டையில் நடந்து வந்தால் உடம்பும் சூடேறியிருக்கும். குளிர்ந்த முழங்காலோடு காரிலிருந்து இறங்கி நேரே ஏற்றத்தில் கால் வைப்பதுதான் தவறு.

நொய்யல்கரை எழுதியது:

மலையைப் பற்றி ஒரு சொல். இது நெசவால் மட்டும் பெயர் பெற்ற ஊரன்று. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடும் ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகளின் எச்சம், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பச்சைக்கல் காங்கேயத்தருகே படியூரிலிருந்தும், இரும்புத் தாது இந்தச் சென்னிமலைப் பக்கமிருந்தும் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் அமைந்த தொழிற்கூடம் அது.

மேலே ஏறியவுடன் கோயிலுக்குள் ஓடிவிடாமல் மேற்கே கொஞ்ச நேரம் பாருங்கள். வணிகச் சாத்து பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த காலத்தில் சமவெளியில் திசை காட்ட இந்த மலைதான் நின்றிருக்கும். பொதிமாடு இன்றும் இந்த மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதைப் பாவுநூல் ஐயா எழுதியதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

அதே திசையில் ஒரத்துப்பாளையம் அணையும் இருக்கிறது. 1992 இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்தார்கள்; வந்து சேர்ந்ததோ சாயக்கழிவு நீர். அதைப் பற்றி எழுதினால் இழை வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

காங்கேயத்தான் எழுதியது:

பார்ப்பது என்றால் தெற்கையும் பாருங்கள். எங்கள் காங்கேயம் பக்கம் மானாவாரி நிலத்தைக் கிளுவை வேலி போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். அதைக் கொறங்காடு என்போம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், ஆங்காங்கே குடை விரித்தாற்போல வெள்வேல மரமும் இருக்கும். காங்கேயம் மாடு வளர்ந்த தொட்டில் அதுதான். வடக்கே திரும்பினால் கீழ்பவானி வாய்க்கால் பாயும் நிலம். 1955 இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்ததிலிருந்து இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற அந்த வாய்க்கால், தண்ணீர் விட்ட மாதங்களில் ஒரு பச்சைக் கரையை இழுத்துவிடும். ஒரே மலை மேல் நின்று கொங்கின் காய்ச்சலையும் பாய்ச்சலையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சாலையில் நடப்பது குறித்த என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

தாராபுரத்து மகள் எழுதியது:

மூன்று வாரமாக எழுதாததற்கு மன்னிக்கவும். போய்விட்டு வந்தோம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குள் சென்னிமலையில் இருக்க வேண்டும் என்பது திட்டம். ஏழே கால் ஆகிவிட்டது. தவறு என்னுடையதுதான், வழியில் காபிக்கு நிறுத்தாமல் வந்திருக்கலாம். பேருந்து நிலையத்தருகே காரை நிறுத்திவிட்டு, பாவுநூல் ஐயா சொன்னபடி ஊருக்குள் நடந்தோம். கைலாசநாதர் கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டு அம்மா ஒரு சந்துக்குள் திரும்பினார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு மாடிக் கட்டடம். அதை நிமிர்ந்து பார்த்தவர், "திண்ணையாவது விட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

நாலைந்து வீடு தள்ளி ஒரு வீட்டில் கைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. குழித்தறி, மிதிபலகையில் காலும் நாடாக் கயிற்றில் கையும் மாறி மாறிப் போக, சடக் சடக் என்று சீராக ஒரு சத்தம். அம்மா வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று சத்தம் நின்றது. நான் நெய்கிறவர் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார் என்று நினைத்தேன். அம்மா, "பாவு அறுந்துபோச்சு" என்றார். எட்டிப் பார்த்தால் அந்தப் பெரியவர் குனிந்து, அச்சுக்குப் பின்னால் ஒற்றை இழையைத் தேடிக்கொண்டிருந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தார், அதாவது குறுக்கே ஓடும் ஊடைநூல் சுற்றிய கண்டு, தீர்ந்து நிறுத்தினால் அதைச் சுமந்து ஓடும் நாடா ஓடி முடித்த பிறகு நிற்கும். நீளவாக்கில் கட்டிய பாவு இழை அறுந்தால் பாதி மிதியில் நிற்கும், சத்தம் முழுசாக வராது என்றார். பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போன கை அவருடையது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகத் தாராபுரத்தில் ஒரு தறியையும் அவர் தொட்டதில்லை.

இதற்குள் எட்டேகால் மணி. சாலையில் முதல் ஒரு கிலோமீட்டர் சுலபமாகவே போனது. வெள்வேலும் வேம்புமாக இருபுறமும் காடு. மயில் அகவியது காதில் விழுந்துகொண்டேயிருந்தது, ஒன்றும் கண்ணில் படவில்லை. வளைவுகளில் பக்கம் மாறி நடக்கும் யோசனைக்கு ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்றாவது முறை மாறிய இடத்தில், எஞ்சினை அணைத்துக்கொண்டு ஓர் இளைஞன் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றியபடி உள்மடிப்பை ஒட்டி இறங்கினான். நாங்கள் அந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாதி தூரத்துக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. அம்மா ஒவ்வொரு வளைவிலும் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தார். அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தபோது குரங்கு ஒன்று பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. வாழைப்பழத்தோடு அம்மாவின் முழங்கால் வலி மாத்திரையும் போய்விட்டது. மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். கோயில் பேருந்து ஒன்று மேலே போகும்போது ஓட்டுநர் நிறுத்தி, "ஏறிக்குங்க அம்மிணி" என்று கேட்டார். அம்மா கையசைத்து அனுப்பிவிட்டார்.

மொத்தம் இரண்டு மணி நேரம் ஆனது. மேலே போனதும் அவர் முதலில் செய்தது மேற்கே பார்த்ததல்ல, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டதுதான். தரிசனம் முடிந்த பிறகே சுற்றிப் பார்த்தோம். காங்கேயத்தார் சொன்ன வேலிக் கட்டங்கள் நன்றாகத் தெரிந்தன. வாய்க்காலில் தண்ணீர் இல்லாததால் வடக்கும் அதே நிறத்தில்தான் இருந்தது. மேலே வள்ளி தெய்வானை சந்நிதிக்கும் அதற்கப்பால் பின்னாக்குச் சித்தர் குகைக்கும் போக அம்மாவுக்கு ஆசை, ஆனால் கால் ஒத்துழைக்கவில்லை. பேருந்தில் இறங்கினோம்.

மறுநாள் முழங்கால் வீங்கியிருந்தது. மூன்று நாளில் வடிந்துவிட்டது. மருத்துவர் திட்டினார். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வழிநடை எழுதியது:

இரண்டு மணி நேரம் என்பது நல்ல நடை. எனக்கே ஒன்றேகால் மணி ஆகும். தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போனீர்கள்?

தாராபுரத்து மகள் எழுதியது:

இருவருக்குமாக இரண்டு லிட்டர். போதவில்லை. மூன்றாவது எடுத்திருக்க வேண்டும்.

காங்கேயத்தான் எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் உங்கள் கட்டுரையே என் பக்கத்துக்கு ஆதாரம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சத்தமில்லாமல் இறங்கிய அந்த வண்டி ஒன்று போதும். ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் வெயிலும் வண்டியும் பாதி குறைந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தறிச் சத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவரும் சென்னிமலைப் பெண்தான். "தார் தீர்ந்தாலும் அப்படித்தான் நிற்கும், அந்தம்மா பெரியவர் குனிந்ததைப் பார்த்திருப்பார்" என்கிறார்.

தாராபுரத்து மகள் எழுதியது:

அம்மாவிடம் சொன்னேன். உங்கள் வீட்டம்மா எந்தத் தெரு என்று கேட்கிறார். அடுத்து தைப்பூசத்துக்கு வர வேண்டும் என்றும் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். பாவுநூல் ஐயா, அன்றைக்கு அந்தச் சாலையில் நடக்க முடியுமா?

பாவுநூல் எழுதியது:

தைப்பூசத்தன்று சாலையும் வேண்டாம், படியும் வேண்டாம். இரண்டிலும் காவடிக் கூட்டம் இருக்கும். அம்மாவைத் தேர்வீதியில் நிழலான ஒரு திண்ணையாகப் பார்த்து உட்கார வையுங்கள். தேர் அவர் இருக்கும் இடத்துக்கு வரும். மலைக்குப் போக வேண்டும் என்றால் திருவிழா நிறைவில் மகாதரிசனம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ வாருங்கள். ஐந்தரைக்கு நான் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். காபியை இங்கே வந்து குடித்துக்கொள்ளலாம்.